ஏழு ஷீட்டு

தூக்குகிறவளுக்குத்
தூக்கப்படுகிறவர் தெரிவதில்லை.
எல்லாம் என் இருக்கைக்கு நேர் கீழே நடக்கிறது.
எனக்குத் தெரிவது
தூரத்தில் ஒரு செல்போன் கோபுரம்.
அது அசையாமல் இருந்தால்
நான் அசையவில்லை என்று அர்த்தம்.
பின்னால் கதவோரம் குப்புறப் படுத்திருக்கும் தோமர்
எண்களாகச் சொல்வான்:
முன்னே ஐந்து. நாலு. மூன்று.
வலது ஒன்று.
நில்.

நிற்பது என்றால் சைக்கிளில்
காலூன்றாமல் நிற்கிற மாதிரி.
இரண்டு கையும் இரண்டு காலும்
ஒன்றையொன்று கேட்காமல் வேலை செய்யும்.

அன்று கீழே இருந்தது கடலூர் முதுநகர்.
மடியில் வரைபடம். பிரிக்கவில்லை.
ஏழாவது வரை படித்த ஊருக்கு வரைபடம் எதற்கு.
ஆனால் கெடிலம் எது, உப்பனாறு எது, தெரு எது,
எல்லாம் ஒரே காப்பித் தண்ணி.
சோனங்குப்பம் போகிற படகுத்துறை இருந்த இடத்தில்
டிரான்ஸ்பார்மர் ஒன்றின் தலை.

மொட்டைமாடியில் ஒரு பெண், என்றான் தோமர்.
டைவர் இறங்கிவிட்டான்.
பட்டை மாட்ட விடமாட்டேன் என்கிறாள்.
கையை எடுக்க மாட்டேன் என்கிறாள்.
எதிலிருந்து?
உடுப்பிலிருந்து.

நைட்டி.
எனக்கு உடனே புரிந்தது.
அவனுக்குப் புரியாததும் புரிந்தது.
என் விசிறிக் காற்று அதைத் தலைக்கு மேல் தூக்குகிறது,
மாடிக்கு மாடி ஆட்கள் பார்க்கிறார்கள்,
செத்தாலும் அவள் அப்படியேதான் நிற்பாள்.

துண்டு இருக்கிறதா கேள்.
முழங்காலோடு சேர்த்துக் கட்டச் சொல்.
அவசரம் இல்லை என்று சொல்.
நிற்கிறேன்.

படையில் எனக்குக் கொடுத்த உடுப்பு
ஆறடி ஆளுக்குத் தைத்தது.
திருப்பாதிரிப்புலியூர் ஜாபர் டெய்லர்தான்
கையில் நாலு அங்குலம் பிடித்துக் கொடுத்தார்,
இடுப்பில் எவ்வளவு என்று கேட்காமலே.
முதல் பெண் என்று போட்டோ எடுத்தார்கள்.
இரண்டாவது பெண் வர ஐந்து வருஷம் ஆனது.
அதுவரை இதையெல்லாம் சொல்ல
ஆளில்லை.

நாலு நிமிடம் நின்றேன்.
எரிபொருள் முள்ளைத் தோமர் பார்க்கவில்லை,
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு எடை ஏறியது.
வண்டி வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தது,
சாய்ந்த அளவுக்குக் கோலை நகர்த்தினேன்.
எனக்கு அவள் அவ்வளவுதான்.
அஞ்சலாட்சி என்று பெயர் எழுதிக்கொண்டார்களாம்,
இறக்கிவிட்ட கல்லூரி மைதானத்தில்.

சித்திரையில் லீவு.
மணிக்கூண்டுப் பக்கம் ஏறிய ஆட்டோவில்
கலியமூர்த்தி தானாகவே பேசினார்.

"தண்ணியால போனது கட்டிலும் அரிசியும் மேடம்.
கூரை போனது ஹெலிகாப்டரால.
பக்கத்து மாடியில ஒரு பொம்பளையத் தூக்கறேன்னு
ஒரே எடத்துல நின்னான் பாருங்க அவன்!
பதினோரு ஷீட்டுல ஏழு ஷீட்டு.
சீட்டுக்கட்டு பறக்கிற மாதிரி.
அடுத்த தெருவுல ஒருத்தருக்கு ஒரு கிலோ மீன் நிறுக்கிற நேரத்துல
தூக்கிட்டுப் போனான்,
இங்க மட்டும் என்ன வந்துச்சு அவனுக்கு?"

அவன்.
அந்த 'ன்'னைத் திருத்த வாய் வந்தது.
திருத்தினால்
ஏழு ஷீட்டும் என்னுடையதாகிவிடும்.

அந்தம்மா எப்படி இருக்கிறார், கேட்டேன்.
"அஞ்சலாட்சியா? அவளுக்கென்ன,
துறைமுகத்துல ஏலம் எடுக்குது, வாய் கிழியுது.
என் கூரையப் பாத்தா மட்டும்
தலையக் குனிஞ்சிக்கிட்டுப் போவுது."

ஒரு ஷீட்டு இப்போது என்ன விலை?
சொன்னார்.
பர்ஸில் அதற்கு மேலேயே இருந்தது.
எண்பது ரூபாய்க்கு நூறு கொடுத்தேன்.
இருபதைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.

பறப்புப் பதிவேட்டில் அந்தத் தேதியைப் புரட்டினேன்.
பறந்த நேரம், இறங்கிய தடவை,
தூக்கிய ஆட்கள் பதினான்கு.
அதோடு கட்டங்கள் முடிந்துவிடுகின்றன.
ஓரத்தில் பென்சிலால்
ஷீட்டு ஏழு என்று எழுதினேன்.

ஆண்டுத் தணிக்கைக்கு வந்த அதிகாரி
அதில் விரலை வைத்து
இது என்ன என்றார்.

தமிழ், என்றேன்.