ஒரு காலில் பூட்ஸ்

ஐசல் ஆறு ஏறிய இரவில்
பள்ளிக்கூடத்துச் சமையலறையில் எனக்கு ஒரு மேசை,
இரண்டு தொலைபேசி, சுவரில் கரையின் வரைபடம்.
பன்னிரண்டு முதல் ஐம்பத்தெட்டு வரை
எண் போட்ட கம்பங்கள்;
கம்பத்துக்குக் கம்பம் நடக்க இருபத்தாறு பேர்.
இந்த வருஷம் நான் தலைவி.
பத்தொன்பது வருஷம் மணல்மூட்டை அடுக்கியவள்.
என் தோளுக்கு அந்தக் கனம் தெரியும்,
நாற்காலி தெரியாது.

முதல் ஒரு மணி நேரம்
வேலையைக் கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்,
கரண்டியை நீட்டிவிட்டுக்
காம்பை விடாதவள்.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை:
பெரெண்ட், எங்கே இருக்கிறாய்?
பெரெண்ட், விளக்கைத் தாழ்த்திப் பிடி.
பெரெண்ட், அகழெலி வளை ஏதாவது?
கடைசியில் அவன் சொன்னான்:
கெர்டீன், ஒரு கையில் விளக்கு,
மறு கையில் நீ.
கரையைத் தொட்டுப் பார்க்கக் கை இல்லை.

குறிப்பேட்டில் லுப்பர்ட் அதையும் எழுதினார்:
22.50, சிரிப்பு.

ஒன்று இருபதுக்கு நுர்ஜான்.
பகலில் மருந்துக்கடை. கரைக்காவலில்
இது இரண்டாவது குளிர்காலம்.
நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவில்,
கரையின் உள்பக்க அடியில்,
புல்லுக்குள் தண்ணீர் கொப்பளிக்கிறது என்றாள்.
தெளிவாகவா, மணலோடா?
மணலோடு.

அதற்குள் கோட்டில் ஒரு கை,
பூட்ஸில் ஒரு கால்.
லுப்பர்ட் தலை நிமிரவில்லை.
"போ. பதினாலாம் கம்பம் கூப்பிட்டால்
யாரிடம் பேசும் என்று மட்டும்
சொல்லிவிட்டுப் போ."

ஒருமுறை போயிருக்கிறேன்.
ஆறு வருஷம் முன்பு, அன்றைய தலைவருக்குக் காய்ச்சல்,
தொலைபேசியை என்னிடம் விட்டிருந்தார்.
முப்பதாம் கம்பத்தில் ஆள் குறைவு என்று ஓடினேன்.
நானூறு மூட்டை, நூல் பிடித்த வரிசை,
படம்கூட எடுத்தார்கள்.
திரும்பி வந்தபோது
காலி அறையில் பதினொரு தவறிய அழைப்புகள்.
ஹென்ட்ரிக்காவின் கொட்டிலில்
இடுப்பளவு தண்ணீர், முப்பத்தேழு ஆடு.
இன்றும் ரொட்டிக்கடையில்
எனக்கு வழிவிட்டு நிற்பாள்.
அதுதான் தாங்கவில்லை.

உட்கார்ந்தேன்.
ஊற்றை அடைக்காதே நுர்ஜான்,
அடைத்தால் வேறு இடத்தில் வாய் திறக்கும்.
சுற்றிலும் மூட்டையால் கிணறு கட்டு.
உள்ளே தண்ணீர் தன் உயரத்துக்கு ஏறட்டும்.
ஏறி நின்றால் மணலை விட்டுவிடும்.
"எத்தனை அடுக்கு?"
ஐந்து என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
என் ஐந்து. வேறோர் இரவின் ஐந்து.
"நீ பார்க்கிறாய், நான் பார்க்கவில்லை.
மணல் நிற்கும்வரை கட்டு. எத்தனை என்பது உன் பொறுப்பு.
ஆறு பேர், ஒரு டிராக்டர் வருகிறது,
இனி அவர்கள் உன் ஆட்கள்.
தவறினால் என் பெயர்."
லுப்பர்ட் அதை எழுதினார். பேனா கீச்சிட்டது.

பிறகு முப்பத்தைந்து நிமிஷம்.
சும்மா இருக்கும் தொலைபேசி
மூட்டையைவிடக் கனம் என்று
யாரும் சொல்லித் தரவில்லை.
மேசை விளிம்பில் ஏதோ ஒரு குழந்தை
காம்பஸ் முனையால் கீறிவைத்த படகை
விரலால் வரைந்துகொண்டே இருந்தேன்,
ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் காலுறை.
பதினாலாம் கம்பம் கூப்பிட்டது.
எடுத்தேன்.

விடியலில் ஆறு நாலு சென்டிமீட்டர் இறங்கியது.
இரண்டு பூட்ஸும் போட்டுக்கொண்டு
நாற்பத்தொன்றுக்கு நடந்தேன்.
மூன்றே அடுக்கு.
கோணல் வட்டம். ஒரு மூட்டையின்
கட்டிய வாய் வெளிப்பக்கம்;
நானாக இருந்தால் உள்ளே மடக்கியிருப்பேன்.
கை அதை நோக்கிப் போயிற்று.
பாக்கெட்டுக்குள் விட்டேன்.

"சரியா இருக்கா?" என்றாள்.
"தண்ணீர் எப்படி?"
குனிந்தாள். விளக்கடித்து, நேரம் எடுத்துப் பார்த்தாள்.
உள்ளே மூழ்கிய ஒரு புல் நுனி
அசையாமல் தெரிந்தது.
"தெளிவு."
"லுப்பர்ட்டிடம் நீயே சொல்லு."