உள்ளே நாலு பேர்

காவேரிப்பட்டணம் சாலையில் மாம்பழக்கூழ் ஆலை.
ஆபீஸ் ரூமில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே
நாலு செங்கல்லின் மேல் நிற்கிறது சர்வர்.
செங்கல் போன வருஷத்து மழைக்கு வைத்தது.

"இங்கே வராமலே இதுக்குள்ள வரணும்"
என்றார் முதலாளி.
அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை.

வேப்பனப்பள்ளியில் கைக்குழந்தையோடு சம்பங்கி,
டின் டின்னாகக் கூழின் இனிப்பைப் பதிகிறவள்.
ஓசூரில் ஆடிட்டர் ஷபானா.
லாரிகளோடு அலைகிற மாதேஷ்
இன்றைக்குப் போச்சம்பள்ளியா பாலக்கோடா,
அவனுக்கே தெரியாது.
மூவரும் ஒரே கணக்கை ஒரே நேரத்தில் தொடவேண்டும்.

அதுவரை
ஒரு பென்டிரைவ் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தது.
"கடைசி", "கடைசி புதுசு", "இதுதான் கடைசி" என்று
ஒரே கோப்பு பதினோரு பேரில் கிடந்தது.

மாறாத முகவரி ஒன்றுக்கு
லைன்காரர் மாதம் இருநூறு கூடக் கேட்டார்,
நூற்றைம்பதுக்கு இறங்கினார்.
ரவுட்டரின் ஆயிரம் கதவில் ஒன்றை மட்டும் திறந்துவைத்து
அதன் வாயில் ஒரு சுரங்கம் போட்டேன்.
ஆளுக்கொரு சாவி.
சாவி என்றால், வாய்விட்டுப் படிக்க முடியாத
இரண்டாயிரம் எழுத்து.
மாதேஷ் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னான்.
திட்டினேன்.
நேரில் வந்தான், கையில் நாலு பெங்களூராக் காயோடு.

முதல் நாள் சாயங்காலம்
பழையபேட்டை வீட்டில், மடியில் தட்டோடு
திறந்து பார்த்தேன்.
சம்பங்கி பச்சைக் கட்டம். ஷபானா ஊதா.
ஏதோ டீக்கடையிலிருந்து மாதேஷ், சிவப்பு.
ஒரு லாரியின் எடைக்கு நேரே
ஊதா வந்து தயங்கி நின்றது.
சிவப்பு ஓடிவந்து
ஏழை ஒன்றாக்கிவிட்டுப் போனது.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
என் ரசம் ஆறிப்போயிருந்தது.

ஒன்பது பத்துக்கு எல்லாம் அணைந்தது.

மறுநாளும் ஒன்பது பத்து.
அதற்கடுத்த நாளும்.
பதிவைத் தோண்டினால்
"எதிர்பாராத நிறுத்தம்", வேறொன்றும் இல்லை.
மின்வாரியத்தைப் பழித்தேன். லைன்காரரைப் பழித்தேன்.
நல்ல ரவுட்டரைக் கழற்றி வேறொரு நல்ல ரவுட்டரை மாட்டினேன்.
நாலாம் ராத்திரி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்
ஆபீஸ் வாசலில் நின்றேன்.

பின்னால் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது.
வாட்ச்மேன் திம்மராயன் வந்தார்,
ஜன்னலைச் சாத்தினார், கதவைப் பூட்டினார்,
பூட்டை இரண்டுதரம் இழுத்துப் பார்த்தார்,
வராந்தாவில் இருந்த மெயினைக் கீழே தள்ளினார்.

"ஆளு இல்லாத ரூமுக்கு எதுக்கும்மா கரெண்டு?"

பதினெட்டு எழுத்துப் பாஸ்வேர்டு,
ஆளுக்கொரு சாவி, சுரங்கம்.
அந்த விரலை யாரும் எதுவும் கேட்கவில்லை.

"உள்ளே ஆள் இருக்காங்க" என்றேன்.
பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

மேலே தள்ளச் சொன்னேன்.
சர்வர் எழுந்திருக்க நாலு நிமிஷம்;
அதுவரை இருவரும் கொசு அடித்தோம்.
என் போனில் பச்சை வந்தது.
"இது ஆரு?"
"சம்பங்கி."
"கொழந்த தூங்கிடுச்சா?"

அது கணக்குக்கான இடம்.
இருந்தாலும் ஓரத்துக் காலிக் கட்டத்தில் தட்டினேன்:
திம்மராயன் கேட்கிறார், குழந்தை தூங்கிடுச்சா?
பச்சை மெல்ல நகர்ந்து வந்து
பக்கத்துக் கட்டத்தில் எழுதியது:
இப்பத்தான்.

இப்போது மெயின் மேல் வெள்ளை டேப்,
அவரே ஒட்டியது.
ரூமின் டியூப்லைட்டையும் அணைப்பதில்லை.
அங்கே யாரும் உட்காருவதில்லை என்று
இரண்டுமுறை விளக்கிவிட்டேன்.
"தெரியும்மா" என்கிறார்.
"நாலு பேர் வேலை செய்யறாங்கோ,
இருட்டாவா விடறது?"

கரெண்டு பில்லோடு முதலாளி வந்தார்.
ராத்திரியெல்லாம் அங்கே எதற்கு லைட்?
நான் வாய் திறக்குமுன்
திரையில் ஊதா நகர்ந்தது.
இதர செலவு, தொலைவழி இணைப்பு:
டியூப்லைட், ஒன்று.