பதினொரு செக்கன்

மூன்று மணித்தியாலம் நின்றார்கள் எங்கள் வளவில்.
கேமராக்காரப் பொடியன் தேத்தண்ணி வேண்டாமென்றான்,
மறுகா இரண்டு கோப்பை குடித்தான்.
உடைந்த குசினிச் சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள்.
வெயில் சரியில்லை, கொஞ்சம் இடப்பக்கம்.
பிள்ளையைத் தூக்குங்க அக்கா.
அந்த நசிஞ்ச பானையை இஞ்சால வைங்க.

நான் சொன்னேன்:
யானைவேலிக்குக் கரண்ட் இல்லை.
தைப்பொங்கலோடு பெட்டரி செத்தது.
பிரதேச செயலகத்துக்கு நாலு தரம் போனோம்,
கடிதத்தின் இலக்கம் இது என்று
கொப்பியை விரித்துக் காட்டினேன்.
அவன் கொப்பியை எடுக்கவில்லை.
"முதல்ல சொன்னீங்களே, பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினது,
அதை இன்னொருக்கா.
அழுகை வந்தா அடக்காதீங்க."

அடக்கவில்லை. வந்தது. அதுவும் உண்மைதான்.

ஏழு மணிக்கு
நேசதுரையண்ணன் கடையில் ஊர் நிறைந்தது.
அரிசி மூட்டையிலும் ஆள்.
ஐஸ் பெட்டிக்கு மேல் என் மூத்தவன்.
கொழும்பில் யாரோ நாடா வெட்டினார்கள்.
டொலர் ஏறியது, அல்லது இறங்கியது.
"ஒரு சிறிய இடைவேளை, எங்கும் போய்விடாதீர்கள்."
நாங்கள் எங்கே போக?
களுவாஞ்சிகுடிக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கே போய்விட்டது.

பால்மா குடித்த ஒருவன் கூரையைத் தொட வளர்ந்தான்.
சவர்க்கார நுரையில் ஒரு மணப்பெண் வெளுத்தாள்.
வங்கியொன்று எங்களை உறவென்றது.

மறுகா நான்.

பதினொரு செக்கன். எண்ணியது பவளகாந்தன்,
அவனிடம் மணிக்கூடு உண்டு.
என் வாய் அசைகிறது,
குரல் வேறு யாருடையதோ, நல்ல குரல்:
"காட்டு யானையின் அட்டகாசம், குடும்பப் பெண் கண்ணீர்."
வேலி இல்லை. பெட்டரி இல்லை. நாலு தரம் இல்லை.
கீழே எழுத்தில் என் பெயர் தவமணி.
நான் தவமலர்.

கடை கைதட்டியது.
"என்னகா, சட்டை வடிவா விழுந்திருக்கு!"
கட்டாரிலிருந்து தம்பி எடுத்தான்: அக்கா, கண்டேன்.
ஒளிக்க என்ன இருக்கு,
நானும் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டுதான் பார்த்தேன்.

உடனே ஒரு கூரைத்தகட்டு விளம்பரம்.
நெற்றிப்பட்டம் கட்டிய யானையொன்று
தகட்டின்மேல் நாலு காலையும் வைத்து நிற்கிறது.
கீழே ஒரு குடும்பம் சோறு தின்று சிரிக்கிறது.
"யானையே ஏறினாலும் அசையாது."
யானை தும்பிக்கை தூக்கி எங்களைக் கும்பிட்டது.
ஐஸ் பெட்டிக்கு மேலிருந்து மூத்தவன் சிரித்தான்,
யானை வந்த ராவுக்குப் பிறகு முதல் தரம்.
என் புருஷன் லோகிதராசா மெல்லக் கேட்டார்:
அந்தத் தகடு அடி என்ன விலை?
ஆளாளுக்கு ஒரு விலை சொன்னார்கள்.
தவணைக்குத் தரும் ஆளைத் தெரியும் என்றார் ஒருவர்.
வெகுநேரம் கதைத்தோம் கூரையைப் பற்றி.
எங்கள் வீட்டில் விழுந்தது சுவர்.

மறுநாள் செயலகத்துக்குப் போவதென்று
முன்னமே ஊரில் பேசியிருந்தோம்.
இரண்டு லான்ட்மாஸ்டர். நாற்பது பேர் பெயர் கொடுத்தார்கள்.
விடிய வந்தது ஆறு பேர்,
அதில் ஒருவர் பல்லுக்கு மருந்தெடுக்க.
மற்றவர்கள் படலையில் நின்று
கோபமில்லாமல், அன்பாகச் சொன்னார்கள்:
"டிவியில போயிட்டுதே பிள்ள,
இனி அவங்க பாத்துக்கொள்ளுவாங்க."
அவங்க யாரென்று நானும் கேட்கவில்லை.

ராவு, காட்டுப்பக்கம் கொப்பு முறிய
சின்னவள் எழும்பிக் கேட்டாள்:
"அம்மா, கும்பிடுற யானையா?"

விடிந்து வெயில் ஏறியபிறகு
டிவியில் வந்த சட்டையைத் தோய்த்து
யானைவேலிக் கம்பியில் காயப்போட்டேன்.
அதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், ஒரு நப்பாசையில்.
சுட்டது.
வெயில்தான்.