முப்பத்தேழு

குருமண்வெளித் துறையில்
பாதை அக்கரை போயிருந்த நேரம்
வினோகாந்தின் கொப்பிக் கடைக் கதவில்
அந்தத் தாளைக் கண்டேன்.

ராத்திரி பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினது
விடியுமுன் மழையில் ஊறி விழுந்து போச்சாம்.
அதற்கு முன்னமே போனில் படம் பிடித்து,
பெரிசாக்கி அடித்து
நாலு மூலைக்கும் டேப் போட்டிருந்தான்.
"ஆரு காசு தந்த?" என்று கேட்டேன்.
"சும்மா கிடக்கட்டும் அக்கா."

பதிந்தவர்கள் தொளாயிரத்துப் பதினொன்று.
அளித்தவை அறுநூற்று ஐம்பத்துமூன்று.
நிராகரித்தவை பதினான்கு.
கடைசி வரியில்
தையல் மெசின், சுயேச்சை,
என் பெயர்:
முப்பத்தேழு.

என் கொப்பியில் நூற்றுப்பன்னிரண்டு பேர்.
தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினவர்கள் மட்டும்
அறுபது.

குணரெத்தினம் அண்ணன் மாலையோடு வந்து
"ஊரே எனக்குத்தான்" என்றார்.
இறால் கூடையை இறக்கி வைத்த மாமி ஒருத்தி
கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
தாளில் விரல் வைத்தாள்.
"உங்களுக்கு இருநூற்று நாற்பத்தொன்று.
ரெண்டாவது ஆளுக்குப் பன்னிரண்டுதான் குறைவு.
செல்லாத வோட்டே பதினாலு கிடக்கு.
வோட்டுப் போட வராத ஆக்கள்
உங்கட ஆக்களை விடக் கூட.
அந்த மதகைக் கட்டித் தாங்க தம்பி,
பிறகு சொல்லுங்க ஊரே எண்டு."

அவர் சிரித்தார்.
மாலையைக் கழற்றி
மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் கொழுவினார்.

பாதை வந்தது.
சங்கிலி கிறீச்சிட, ஏறினோம்.
வாவி நடுவில் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தேன்.
பால்கான்காரர், வங்கிப் பெட்டை,
என்னோடு ரெண்டு வருசம் கதையாத மச்சாள்.
இவர்களில் ஆரும் அந்த முப்பத்தேழில் இருக்கலாம்.
எத்தனை என்பதை ஆராலும் மறைக்க ஏலாது,
ஆர் என்பதை ஆராலும் கேட்க ஏலாது.
நல்ல ஏற்பாடுதான்.

மச்சாளைப் பார்த்துத் தலையாட்டினேன்.
அவள் திடுக்கிட்டு
தண்ணீரைப் பார்த்தாள்.

மண்டூரில் இறங்கும்போது
வினோகாந்துக்குப் போன் எடுத்துச் சொன்னேன்:
வெயிலில் மை மங்கும்,
இன்னொரு கொப்பி அடித்து வை.
நாலு வருசம் தாங்க வேணும்.
லமினேட் பண்ணு, காசு நான் தாறன்.