கொருக்குப்பேட்டைக்கு வந்த மந்திரி

நாவலில் அது ஹாவேரிப் பக்கம் ஏதோ ஊராம்.
படத்துக்கு எங்கள் ரயில்வே கேட் போதும் என்று
ரேஷன் கடைப் பலகைமேல் கன்னடம் ஒட்டினார்கள்.

தலைக்கு நானூறு, புளிசாதம்.
கொடியைத் திருப்பித் தரணும்.
போன மாசம் நிஜக் கூட்டத்துக்கு முந்நூறுதான்.

"ஜயவாகலி"
டில்லி சொல்லித்தர, கத்தினோம்.
மந்திரி பேசினார்.
கூட்ஸ் வண்டி குறுக்கே போனது, நாற்பத்திரண்டு பெட்டி.
மறுபடி முதலிலிருந்து பேசினார்.

"இன்னாடா சொல்றாரு?"
"வூடு தரேன்றாரு."

மூன்றாவது டேக்கில் தேசராணி
ஜாக்கெட்டுக்குள் மடித்திருந்த மனுவை
நீட்டிவிட்டாள்.
தமிழ் தெரியாத நடிகர்
கடைசி வரி வரை படித்தார்.
யாரும் கட் சொல்லவில்லை.
குடைக்கடியில் நாவலாசிரியர்
பக்கம் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார்.

இருட்டியதும் கொடிகளை எண்ணி வாங்கினார்கள்.
மனுவைத் திருப்பிக் கேள் என்றேன்.
"இருக்கட்டும்டி,
கைநீட்டி வாங்குனது அந்தாளு மட்டுந்தான்."