முக்கால் கிலோ

கிளாரினெட்டின் மொத்த எடையும்
வலது கட்டைவிரல் மேல்தான்.
மற்ற ஒன்பதும் துளைகளில் ஓடி விளையாடும்;
இது அடியில் நின்று முட்டுக்கொடுக்கும்.

எலத்தகிரியில் தேர்பவனி, நாலு மணி நேரம்.
மறுநாள் காவேரிப்பட்டணத்தில் மாப்பிள்ளை அழைப்பு.
அதற்கும் மறுநாள் பர்கூரில் ஒரு சாவு.
விரலுக்கு எல்லாம் ஒன்றுதான்,
முக்கால் கிலோ.

பகலில் மாங்கூழ் ஆலையில் காய் வெட்டுகிறேன்.
கத்திக்கும் அதே விரல்.
கல்யாணமும் காயும்
சேர்ந்தேதான் வருகின்றன இந்த ஜில்லாவில்.

வைகாசியில் ஒரு காலை
சட்டைப் பொத்தான் போட முடியவில்லை.
ரேஷன் கடை மெஷினில் மூன்று தடவை அழுத்தியும்
"பதியல, தள்ளி நில்லுங்க."
ரேகை இருந்த இடத்தில்
கொக்கி போட்ட காய்ப்பு.

பெரியாஸ்பத்திரி பிசியோதெரபி அறையில்
நிலோபர் என்று பெயர்ப்பட்டை குத்திய பெண்
கட்டைவிரலை உள்ளே மடக்கச் சொல்லி
மணிக்கட்டை மெல்லச் சாய்த்தார்.
ஓடுகிற மின்விசிறியின் மூன்று இறக்கையும்
எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தன.

என்ன வேலை?
மாங்காய் என்றேன்.
வாசிப்பதைச் சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவார்.
அவர் விரலடியைத் தடவிப் பார்த்து
"இது கத்தி பிடிச்ச காய்ப்பு இல்லையே" என்றார்.

அடுத்த வாரம் பெட்டியோடு போனேன்.
மெழுகு ஒத்தடத்துக்குக் காத்திருந்த முழங்கால்கள்
என் பக்கம் திரும்பின.
இரண்டு வரி ஊதியிருப்பேன்,
"தோள் ஏன் காதுக்கு ஏறுது?"

இருபத்திரண்டு வருஷம்.
சுருதி போச்சு என்றிருக்கிறார்கள்,
சத்தம் பத்தல என்றிருக்கிறார்கள்.
தோளை யாரும் கேட்டதில்லை.

கழுத்துப் பட்டை கடையில் இரண்டு நாள் கூலி.
ஓசூர் கம்பெனியை விட்டு நின்ற மைத்துனன்
பழைய அடையாள அட்டைக் கயிற்றைக் கொடுத்தான்.
கொக்கியில் முடிந்து கழுத்தில் மாட்டினேன்.
"என்னடா லூர்து, ஷிஃப்டுக்குக் கிளம்பிட்டியா?"
டிரம்பெட் சவரிமுத்து சொல்ல
செட்டே சிரித்தது, நானும்.

ஊர்வலம் நகர்ந்தது.
எடை பிடரிக்குப் போய்விட்டது.
இறக்கிவிட்ட சேதி எட்டாமல்
விரல் மட்டும் விறைத்து நின்றது
கடைசித் தெருமுனை வரை.

இந்த மாதமும் பதியவில்லை.
சுட்டுவிரலை வைத்து
அரிசி வாங்கினேன்,
பையை இடது கையில்.