இரண்டரை அங்குலம் காணாது

கொழும்பில் ஒரு பள்ளிக்கூடம்
நிறம் மாற்றியபோது கழித்த கில்ட்டுகள்
பதினாறு, அரிசிச் சாக்கில் மல்லாவிக்கு வந்தன.
பதினைந்து பொருந்திவிட்டன.
கம்சிகாவின் இடுப்புக்கு மட்டும்
இரண்டரை அங்குலம் காணாது.

மேசையில் விரித்து மூன்று நாள்.
பின்பக்கம் இருபத்தாறு மடிப்பு.
ஒன்றைப் பிரித்தால் துணி கிடைக்கும்,
சிவப்புக் கோடு பச்சையில் ஏறி நிற்கும்.
மைதானத்தில் ஆருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும்.
வாரைத் தள்ளித் தைத்தால்
முன்பக்கம் மூடுகிற துணி குறுகும்.
குளத்துக் காற்று வேறு.

உள்பட்டியைப் பிரட்டினேன்.
வார் இருந்து கழன்ற ஊசித்துளைகள்,
மூன்று இடத்தில், நூல்துண்டுகளோடு.
ஒருத்தி கறுப்பு, ஒருத்தி நீலம்,
அடுத்தவள் அவசரத்தில் வெள்ளை.
ஒருவரும் கத்தரி வைக்கவில்லை.

நான் நேற்று
ஒரு மடிப்பில் நாலு தையல் பிரித்துவிட்டேன்.
பிறகு எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

பயிற்சி முடிந்து வேர்த்தபடி வந்தாள்.
"பெரிய ட்ரம் எனக்குத்தான் அக்கா.
முன்னுக்கு அது மறைக்கும்.
இழுத்துக் கட்டினாக் காணும்."
"மூச்சு விடவேணுமே பிள்ளை?"
"அடிக்கேக்க விடமாட்டன்."

வாரை மூன்று அங்குலம் தள்ளினேன்,
அரை அங்குலம் மூச்சுக்கு.
கைத்தையல், நீளநீளமாக, சிவப்பு நூல்.
அடுத்தவள் ஒரே இழுவையில் உருவலாம்.

சனிக்கிழமை இல்ல விளையாட்டுப் போட்டி.
வேலியடியில் நின்று பார்த்தேன்.
அவள் திரும்பி நடக்கும்போதுதான்
ஞாபகம் வந்தது,
அந்த நாலு தையல்.